அரைகுறை ஆங்கிலத்தில் முழுச் சிந்தனை

(சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், தனியார் கல்லூரி ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐம்பதாண்டு கண்ட சங்கத்தின் மேடையில் நிற்பது எனக்குப் பெருமை. இந்தச் சங்கத்தின் கல்வி நிதியில் பாடநூல் வாங்கிப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. கல்விக் குழுவினர் என்னை அழைத்தபோது, “நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்க வழி சொல்லுங்கள்” என்று கேட்டார்கள். அதற்குத்தான் தாமானுக்குத் தாமான் டியூஷன் வகுப்புகள் இருக்கின்றனவே! நான் வேறொரு பொருளைப் பேச அனுமதி கேட்டேன், பெருந்தன்மையோடு கொடுத்தார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, வெளிநாடுகளிலிருந்து மலேசியாவுக்குப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு ஆங்கிலத்தோடு சேர்த்து ஆய்வுச் சிந்தனையையும் ஆக்கச் சிந்தனையையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

“அதை எங்களிடம் ஏன் சொல்ல வேண்டும்?” என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பிள்ளைகளை என்னைவிட நீங்கள்தான் அதிகம் பார்க்கிறீர்கள். உங்கள் உணவகங்களில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். உங்கள் அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உங்களுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நிற்கிறார்கள். அதோடு, நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை மெல்பர்னுக்கோ கெய்ரோவுக்கோ படிக்கப் போனால், அங்கே அவன்தான் வெளிநாட்டு மாணவன்.

முதலில் என் வகுப்பைக் காட்டிவிடுகிறேன். 1983இல் தொடங்கிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் பல நாட்டு மாணவர்களை இங்கே அழைத்து வந்தது. பிறகு 1996இல் தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. 1998இல் மோனாஷ், 2000இல் நாட்டிங்ஹாம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் வந்தன. சுபாங் ஜெயா, சைபர்ஜெயா பக்கமெல்லாம் கல்லூரிகள் முளைத்தன. பட்டப்படிப்பில் சேர ஆங்கிலத் தகுதி வேண்டும். ஐயெல்ட்ஸ், மூயெட் போன்ற ஒரு தேர்வில் அந்தத் தகுதியைக் காட்ட முடியாதவர்கள், முதலில் சில மாதங்கள் ஆங்கில வகுப்பில் உட்கார வேண்டும். அந்த வகுப்புதான் என்னுடையது. யேமன், சூடான், வங்காளதேசம், இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான், துருக்கி, சீனா என்று ஒரே அறைக்குள் ஏழு நாடுகள் உட்கார்ந்திருக்கும்.

முதல் வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்வேன். ஐயெல்ட்ஸ் தேர்வின் இரண்டாவது எழுத்துப் பணியைப் போன்றது. 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். ஒரு கருத்தைக் கொடுத்து ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று கேட்பது. மிருகக்காட்சிச் சாலைகளை மூடிவிடலாமா என்று கேட்டிருப்பேன். வரும் கட்டுரைகளில் பாதி இப்படித் தொடங்கும்: “இன்றைய நவீன யுகத்தில் மிருகக்காட்சிச் சாலை என்பது பரபரப்பாக விவாதிக்கப்படும் பொருளாக விளங்குகிறது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு.” அடுத்த வாரம் கைப்பேசியைப் பற்றிக் கேட்டால், மிருகக்காட்சிச் சாலை இருந்த இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கும். மற்றதெல்லாம் அப்படியே, காற்புள்ளிகூடத் தவறாமல். பயிற்சி நிலையங்களில் மனப்பாடம் செய்த அச்சு அது. தேர்வாளர்கள் இந்த அச்சுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவர்கள். அதற்கு மதிப்பெண் போடமாட்டார்கள். பணம் வாங்கிக்கொண்ட பயிற்சி நிலையம் அதை மட்டும் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. “இவர்களுக்குச் சிந்திக்கத் தெரியாது. இவர்கள் நாட்டில் மனப்பாடம்தான் கல்வி.” என் உரை முழுவதும் இந்த ஒரு வாசகத்தோடு நான் போடும் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படித்த பெரியவர்களும் இதற்குப் பக்கமாக வந்திருக்கிறார்கள். 1966இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, எந்த மொழிக்காரர் கருத்தை எப்படி அடுக்குகிறார் என்று சின்னச் சின்னக் கோட்டுப் படங்கள் வரைந்தார். ஆங்கிலத்துக்கு ஒரு நேர்கோடு. கீழை நாட்டாருக்குச் சுழன்று சுழன்று போகும் சுருள். மற்றவர்களுக்கு வளைந்து நெளியும் கோடுகள். அந்தப் படங்கள் ஆங்கில ஆசிரியர்களிடையே பல ஆண்டுகள் சுற்றி வந்தன. கப்லானே பிற்காலத்தில் தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். ஆனால் படம் மனத்தில் நின்றுவிட்டது. நேர்கோடு வரைந்தவர் எந்த மொழிக்காரர் என்பதையும் கவனியுங்கள்!

1997இல் டுவைட் அட்கின்சன் என்ற அறிஞர் வேறு விதமாகச் சொன்னார். ஆய்வுச் சிந்தனை என்று நாம் சொல்வது, ஒருவகைச் சமூகத்தில் வளரும் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே பழகிக்கொள்ளும் வழக்கம். அதை வேறு சமூகத்துப் பிள்ளைகள் மேல் ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள் என்று ஆங்கில ஆசிரியர்களை எச்சரித்தார். அதில் நியாயம் உண்டு. வகுப்பில் கையைத் தூக்கி ஆசிரியரோடு வாதாடுவதுதான் சிந்தனை என்று நினைக்கும் கர்வம் எங்களுக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த ஒரு மாணவர். மூன்று வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் சிற்றுண்டிச் சாலையில் பார்க்கிறேன். மேசை மேல் மூன்று வாடகை ஒப்பந்தங்கள். தன் ஊர்க்காரர் இருவருக்கு அவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். முன்பணம் எத்தனை மாதம், மின்கட்டணம் யார் பொறுப்பு, பாதியில் வெளியேறினால் என்ன பிடிப்பார்கள், எந்த வீட்டிலிருந்து எல்.ஆர்.டி. நிலையத்துக்கு நடக்கலாம். கைப்பேசியில் கணக்குப் போட்டு, மிகக் குறைந்த வாடகை உள்ள வீடுதான் மொத்தத்தில் செலவு அதிகம் என்று காட்டிவிட்டார். என் பாடத்திட்டத்தில் ஒப்பிடுதல், மதிப்பிடுதல், முடிவெடுத்தல் என்று மூன்று அத்தியாயங்களாக இருப்பதை ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார். எல்லாம் உஸ்பெக் மொழியில்.

ஆக, சிந்தனை உள்ளே இருக்கிறது. அதை ஆங்கிலத்துக்குள் கொண்டுவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. பல கல்லூரிகள் செய்வது என்ன? முதலில் இலக்கணம், பிறகு சொல்வளம், எல்லாம் முடிந்து மொழி பழுத்த பின் கடைசியில் ஆய்வுச் சிந்தனை. அந்தக் கடைசி வரவே வராது. அதற்குள் பிள்ளை பட்டப்படிப்புக்குப் போய்விடும். நான் முதல் வாரமே தொடங்கிவிடுவேன், அவர்களிடம் இருக்கும் அரைகுறை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே.

அதற்கு அவர்கள் தாய்மொழியே எனக்குக் கைகொடுக்கிறது. தமிழில் பாருங்கள். “வந்தார்” என்கிறோம், “வந்தாராம்” என்கிறோம். முதலாவதற்கு நான் பொறுப்பு. இரண்டாவதில், எனக்குச் சொன்னவர் தலையில் பொறுப்பை இறக்கி வைத்துவிடுகிறேன். ஒரே ஒரு “ஆம்” இந்த வேலையைச் செய்கிறது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமாரும் இதில் தவறியதில்லை. துருக்கி மொழியிலும் இப்படி உண்டு. “கெல்தி” என்றால் வந்தார். “கெல்மிஷ்” என்றால் வந்தாராம், அல்லது வந்திருக்கிறார் போலிருக்கிறது. கண்டதையும் கேட்டதையும் வினைச்சொல்லின் வாலிலேயே பிரித்துவிடுகிறார்கள். உஸ்பெக் மொழியிலும் இதற்கு நெருங்கிய வழக்கு இருக்கிறது.

ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. அதனால் என்ன ஆகிறது? ஒரு துருக்கி மாணவர், காப்பி குடித்தால் இன்ன நோய் வராது என்று எங்கோ படித்ததை, தானே ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததுபோல ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார். நான் அவரிடம் தவறு என்று சொல்லவில்லை. “இதை உங்கள் அம்மாவிடம் சொன்னால் கெல்தி மாதிரி முடிப்பீர்களா, கெல்மிஷ் மாதிரி முடிப்பீர்களா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பேனாவை எடுத்து, இன்னாருடைய ஆய்வின்படி என்று வாக்கியத்தின் தலையில் சேர்த்தார். பிறகு அவரே யோசித்து, “வராது” என்பதை “வரும் வாய்ப்பு குறையக்கூடும்” என்று மாற்றினார். ஆய்வு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் பல மாதங்கள் பாடம் நடத்தும் விஷயம் இது. அவருக்கு அது தாய்ப்பாலோடு வந்திருந்தது. ஆங்கிலத்தில் அதை எங்கே வைப்பது என்பதைக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அரபு நாட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தோனேசியாவின் பெசந்திரென் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் வேறொரு வாசல் இருக்கிறது. ஹதீஸ் படித்தவர்களுக்கு அறிவிப்பாளர் தொடர் தெரியும். இவருக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவருடைய நினைவாற்றல் எப்படி என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப்பார்த்த அறிஞர்களின் மரபு அது. இணையத்தில் வந்த ஒரு செய்தியை வகுப்பில் கொடுத்து, “இதற்குத் தொடர் எழுதுங்கள்” என்பேன். யார் எழுதியது, அவருக்கு எங்கிருந்து கிடைத்தது, மூலம் எங்கே என்று தேடுவார்கள். பெரும்பாலும் இரண்டாவது கண்ணியிலேயே அறுந்துவிடும். சீன மாணவர்களுக்கு இந்தச் சொல் புதிது. ஆனால் யேமன் மாணவர் அவர்களுக்குத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கும்போது, அவருடைய ஆங்கிலம் அன்றைக்கு ஒரு படி ஏறிவிடுகிறது. தனக்கு மட்டும் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லும்போதுதான் மொழி நன்றாக வளர்கிறது என்பது என் அனுபவம்.

அடுத்தது மரியாதை. இதை மேற்கத்திய ஆசிரியர்கள் பலர் விளங்கிக்கொள்வதில்லை. ஆசிரியரை மறுத்துப் பேசுவது அதபு இல்லை என்று வளர்ந்த பிள்ளையிடம் போய், “என் கருத்தை எதிர்த்துப் பேசு” என்றால் அவன் எப்படிப் பேசுவான்? நம் வீட்டிலேயே பாருங்கள். அத்தா ஒன்று சொல்லி அது சரியில்லை என்று தெரிந்தால், “நீங்கள் சொல்வது தப்பு” என்று யாரும் சொல்வதில்லை. “அப்படியும் இருக்குமோ அத்தா?” என்று ஓர் “ஓ” போட்டுக் கேட்கிறோம். ஆங்கிலத்திலும் இந்த “ஓ” இருக்கிறது. மே, மைட், பெர்ஹாப்ஸ் என்று பல வேடங்களில் வரும். “எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, ஆனால்...” என்ற வாக்கியம், நேராகச் சொன்னால் முரட்டுத்தனமாகத் தெரியும் மறுப்பைப் பணிவாக்கிவிடும். இந்தச் சொற்களை இலக்கணப் புத்தகங்கள் துணைவினை என்ற தலைப்பில் அட்டவணையாகப் போட்டுவிட்டுப் போகின்றன. நான் அவற்றைப் பெரியவரிடம் ஐயம் கேட்கும் முறை என்று சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குப் பிறகு மறுத்துப் பேசுவதில் அவர்களுக்குக் குற்ற உணர்ச்சி இருப்பதில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, காரணங்களோடு வந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். என் மாணவர்களோ கேள்வியைத் தாய்மொழியில் விளங்கி, பதிலைத் தாய்மொழியில் யோசித்து, ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, இலக்கணம் சரியா என்று பார்த்து, பிறகு வெட்கத்தையும் தாண்டி வர வேண்டும். நான் அரை நிமிடம் சும்மா நிற்பேன். வகுப்பில் அரை நிமிட மௌனம் எவ்வளவு நீளமானது என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மௌனத்துக்குப் பிறகு இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு பேச விடுவேன். யோசி, இணையாகப் பேசு, பிறகு எல்லாரிடமும் சொல் என்ற இந்த முறையை 1981இல் ஃபிராங்க் லைமன் என்பவர் எழுதினார். இப்போது நம் தேசியப் பள்ளிகளிலும் தமிழ்ப்பள்ளிகளிலும்கூட உண்டு. நான் செய்யும் மாற்றம் ஒன்றுதான். அந்த இரண்டு நிமிடம் அரபியிலோ மாண்டரினிலோ பேசலாம். இதற்கு எனக்கு எதிர்ப்பு வராமல் இல்லை. “ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்” என்ற அட்டையே சுவரில் தொங்கும். பணம் கட்டிய பெற்றோரும் அதைத்தான் விரும்புகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: ஆங்கிலத்தில் மட்டும் யோசி என்றால், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இருபது வயது இளைஞர் ஐந்து வயதுப் பிள்ளை மாதிரிதான் யோசிப்பார். இரண்டு நிமிடம் தாய்மொழி கொடுத்தால் இருபது வயது யோசனையோடு வருவார். அதைச் சொல்ல ஆங்கிலம் போதாமல் திண்டாடுவார். திண்டாடட்டும். அந்தத் திண்டாட்டத்தில் கற்றுக்கொள்ளும் சொல் மறக்காது.

இதெல்லாம் தேர்வுக்கும் பட்டத்துக்கும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பொருளையே நான் தேர்ந்தெடுத்தேன்.

வெளிநாட்டு மாணவர்கள் பலர் ஏஜென்ட் வழியாக வருகிறார்கள். நேர்மையான ஏஜென்டுகள் உண்டு. மற்றவர்களும் உண்டு. “படித்துக்கொண்டே வேலை செய்யலாம், மாதச் செலவைச் சம்பாதித்துக்கொள்ளலாம்” என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பார்கள். இன்றுள்ள விதி என்ன? மாணவர் பாஸில் இருப்பவர், பருவ விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோதான் வேலை செய்யலாம். அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, தங்கும் விடுதி போன்ற சில இடங்களில் மட்டும், கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி பெற்ற பிறகு. படிப்பு நடக்கும் மாதங்களில் செலவை உழைத்து ஈடுகட்ட இதில் வழியே இல்லை. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய தகப்பனுக்கு இது தெரியாது.

இங்கே உணவகம் நடத்தும் சகோதரர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் உங்கள் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று வேலை கேட்டிருப்பார்கள். இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டால் சோதனை வரும் நாளில் பிள்ளையின் படிப்பும் போகும், உங்களுக்கும் வழக்கு வரும். இல்லை என்று அனுப்பினால் அன்று இரவு அவன் என்ன சாப்பிடுவான் என்ற கவலை உங்களுக்கு. இந்தச் சங்கடத்தின் தொடக்கம், எங்கோ ஓர் ஊரில் யாரும் கேள்வி கேட்காமல் படித்த ஒரு விளம்பரத் தாளில் இருக்கிறது.

அதனால் அந்தத் தாள்களையே நான் பாடமாக்கினேன். பாடநூலில் இருக்கும் சுற்றுலா விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, ஏஜென்டின் பெயரை மறைத்து, இப்படி ஒரு தாளைக் கொடுப்பேன். முதல் கேள்வி, இதில் என்ன சொல்லியிருக்கிறது? அது வாசிப்புப் பயிற்சி. இரண்டாவது, என்ன சொல்லவில்லை? அங்கேதான் வகுப்பு உயிர்பெறும். எத்தனை மணி நேரம் என்று இல்லை. யார் அனுமதி என்று இல்லை. “சம்பாதிக்கலாம்” என்றுதான் இருக்கிறது, “சம்பாதிப்பீர்கள்” என்று இல்லை. மே என்ற அந்தச் சின்னச் சொல் பணிவுக்கும் பயன்படும், ஏமாற்றவும் பயன்படும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மூன்றாவதாக, இந்த ஏஜென்டுக்கு ஐந்து கேள்விகள் எழுதுங்கள் என்பேன்.

வங்காளதேசத்து மாணவர் ஒருவர் தன் ஐந்து கேள்விகளை வகுப்போடு விடவில்லை. ஊரில் அவருடைய தம்பி வேறொரு ஏஜென்டிடம் பணம் கட்டவிருந்தாராம். அந்த ஐந்து கேள்விகளையும் கொஞ்சம் மாற்றித் தம்பியின் பெயரில் மின்னஞ்சலில் அனுப்பினார். முதல் இரண்டுக்கு இனிமையான பதில் வந்தது. “எந்த விதியின்படி வேலை செய்யலாம், அந்த விதியை எங்கே படிக்கலாம்?” என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. நினைவூட்டினார். அதற்கும் வரவில்லை. தம்பி பணம் கட்டவில்லை. இதை என்னிடம் சொன்னபோது அந்த மாணவர் மூன்று இடத்தில் இலக்கணம் தவறினார். அன்று எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

இனி ஆக்கச் சிந்தனைக்கு வருகிறேன். இதைக் கவிதை எழுதுவது, வண்ணம் தீட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். வகுப்பில் எனக்குப் பிடித்த பயிற்சிக்கு ஒரு துடோங் சாஜி போதும். நம் வீடுகளில் உணவை மூடிவைக்கும் கூம்பு மூடிதான். அதை மேசையில் வைத்து, இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பேன். ஒரு பொருளுக்குப் புதுப் பயன்களை அடுக்கச் சொல்லும் சோதனை, ஜே. பி. கில்ஃபோர்ட் என்ற உளவியலாளரின் காலத்திலிருந்தே இருக்கிறது. அவர் செங்கல்லை வைத்துக் கேட்டார். என் வகுப்பில் சூடான் மாணவி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எங்கள் ஊரிலும் பின்னல் மூடி இருக்கிறதே என்று சொல்லத் தொடங்கிவிட்டார். சீன மாணவர் அதை விளக்குக்குக் கூடாக மாட்டினார். இன்னொருவர் கோழிக்குஞ்சுகளைப் பூனையிடமிருந்து காப்பாற்றினார். குழந்தைக்குத் தொப்பி, தோட்டத்துக்கு நிழல், சுவர்க் கடிகாரத்துக்குச் சட்டம் என்று இருபது யோசனைகள் வரும்.

விளையாட்டு அங்கே முடிவதில்லை. இருபதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்து விற்பதாக இருந்தால் யார் வாங்குவார், என்ன விலை, எங்கே உடையும் என்று வாதாட வேண்டும். விளக்குக் கூடு தீப்பிடிக்காதா என்று கோழிக்குஞ்சுக்காரர் கேட்பார். அப்போது ஆக்கச் சிந்தனையும் ஆய்வுச் சிந்தனையும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடுகின்றன. தெரிந்த ஆங்கிலச் சொற்கள் முந்நூறு என்றால், அந்த முந்நூறையும் திருப்பித் திருப்பிப் போட்டு இதைச் சொல்லி முடிக்கிறார்கள். “பிரம்பு” என்ற சொல் தெரியாதவர் “வளைகிற மரம்” என்றார். அந்தப் பதிலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

2022ஆம் ஆண்டு பிசா ஆய்வில் முதன்முறையாக ஆக்கச் சிந்தனையையும் அளந்தார்கள். 60 புள்ளிகளுக்குச் சிங்கப்பூர் மாணவர்கள் 41 பெற்று முதலிடம் வந்தார்கள். ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 33. நம் மலேசியா அதற்குக் கீழே. ஆசியப் பிள்ளைகள் மனப்பாடக்காரர்கள், அவர்களுக்குக் கற்பனை வராது என்று சொல்பவர்களுக்கு ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமே பதில் இருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் பள்ளிகளில் உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று பத்தாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகிறோம். குமிழி வரைபடம், இரட்டிப்புக் குமிழி வரைபடம் என்று எட்டு வகை வரைபடங்களைப் பிள்ளைகள் அழகாகப் போடுகிறார்கள். ஆனால் குமிழிக்குள் என்ன எழுத வேண்டும் என்பதையும் சில இடங்களில் ஆசிரியரே கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுகிறார். வரைபடத்தையும் மனப்பாடம் செய்கிற வித்தை நம்மவர்களுக்கு வந்துவிட்டது!

கட்டுரை எழுதிக்கொடுக்கும் கணினிச் செயலிகளைப் பற்றி யாராவது கேட்பீர்கள். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, மனப்பாட அச்சு வேலையை அது இன்னும் அழகாகச் செய்துவிடுகிறது. நான் தடை போடுவதில்லை. கட்டுரையைக் கொண்டுவா, ஆனால் எதிரில் உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் சொல் என்பேன். இந்த வாக்கியத்தை ஏன் வைத்தாய்? இதற்கு ஆதாரம் என்ன? இதை மறுப்பவர் என்ன சொல்வார்? தன் கையால் எழுதிய தவறான ஆங்கிலக் கட்டுரைக்காரர் இதில் பளிச்சென்று பேசுவார். பிழையில்லாத கட்டுரைக்காரர் சிலர் தலையைச் சொறிவார்கள்.

நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சங்கத்துக்கு ஒரு கோரிக்கையை வைத்துவிட்டு அமர்கிறேன். நம் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டித்தான் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகளையும், பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் அங்கே இரண்டு மணி நேரம் உட்காரவைக்கலாம். இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். இருவருக்கும் அது அரைகுறைதான். ஒரு நாளிதழ்ப் பக்கமோ ஒரு விளம்பரத் தாளோ போதும். பாடநூல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். பத்து நாற்காலியும் தேநீரும் சங்கம் கொடுத்தால், முதல் மூன்று மாதம் நான் வந்து நடத்துகிறேன், இன்ஷா அல்லாஹ். மாணவர் பாஸில் இருப்பவர்கள் என்ன வேலை செய்யலாம், எப்படி அனுமதி பெறலாம் என்ற விவரத்தையும் அதே கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஒட்டிவைத்தால், உணவகம் நடத்தும் சகோதரர்கள் வேலை கேட்டு வரும் பிள்ளைகளை அங்கே அனுப்பலாம்.

பெயர் எழுதிக்கொள்ள வெளியே மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிரியாணி வாங்கப் போகும் வழியில்தான் இருக்கிறது. வஸ்ஸலாம்.